தார்ப்பாய்க்கு அடியில் ஒரு சான்றுப் பொருள்

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 154: ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை, ஒப்படைத்த நிபந்தனைக்கு மாறாக அவர் பயன்படுத்தினால், அதனால் வரும் சேதத்துக்கு அவரே பொறுப்பு. புரியாதவர்களுக்காகச் சட்டமே ஓர் உதாரணமும் தருகிறது. தான் மட்டும் சவாரி செய்வதாகச் சொல்லி ஒருவர் இன்னொருவருடைய குதிரையை வாங்கிப் போகிறார். போனவர் அதைத் தன் குடும்பத்து ஆளிடம் ஓட்டக் கொடுக்கிறார். அந்த ஆள் கவனமாகத்தான் ஓட்டுகிறான். ஆனாலும் குதிரை விழுந்து அடிபடுகிறது. வாங்கிப் போனவர்தான் ஈடு செய்ய வேண்டும். கவனமாக ஓட்டினேன் என்ற பேச்செல்லாம் எடுபடாது.

குதிரை என்று இருக்கும் இடத்தில் மோட்டார் சைக்கிள் என்று போட்டுக்கொண்டால், கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் போகும் சாலையில் இருக்கும் ஒரு மெக்கானிக் கடைக்கு இது அப்படியே பொருந்தும். நான் வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். எந்த மனு எந்த மேஜைக்குப் போகும், எத்தனை நாளில் அங்கே தூங்கிவிடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்து என்ன பயன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நூற்றைம்பது சிசி, கறுப்பு நிறம், ஓய்வு பெற்ற மாதம் வாங்கியது. அதில் ஒரு விசேஷம் உண்டு. என் மனைவிக்கு வலது முழங்காலில் தகடு வைத்திருக்கிறார்கள், கால் மடங்காது. பஸ் படி ஏற முடியாது, ஆட்டோவில் காலை நீட்ட இடமில்லை. ஆகவே லேத் பட்டறையில் அளவு கொடுத்து, பின்சீட்டுக்காரர் கால் வைக்க இடது பக்கம் ஓர் அகலமான ஃபுட்ரெஸ்டைத் தாழ்வாகப் பற்றவைத்து வாங்கினேன். அதில் ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து அவள் எங்கும் வருவாள்.

எங்கும் என்றால், தியாகதுருகத்துக்கு. அங்கே அவளுடைய அக்கா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். பேச்சு இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் இவள் போய் அவருக்குத் தலையில் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, வாரிப் பின்னிவிட்டு வருவாள். மருமகள் வாரினால் அக்கா தலையைத் திருப்பிக்கொள்வாராம். மூன்று வருடமாக ஒரு வெள்ளிகூட விட்டதில்லை.

டிசம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆயில் மாற்றி செயினை இறுக்கச் சொல்லி வண்டியை விட்டேன். மெக்கானிக்குக்கு நாற்பது வயதிருக்கும். கை சுத்தம், வேலையும் சுத்தம். வாக்குதான் காற்றில் பறக்கும்.

"வேல ஜாஸ்தி சார். வியாழக்கிழம வந்து எடுத்துக்கங்க. அது வரைக்கும் இத எடுத்துக்கினு போங்க" என்று ஒரு சிவப்பு வண்டியின் சாவியை நீட்டினார்.

கடை வண்டி போலிருக்கிறது, நல்ல வழக்கம் என்று பாராட்டிவிட்டு எடுத்து வந்தேன். நான்கு நாள் மார்க்கெட்டுக்கும் வங்கிக்கும் அதில்தான் போனேன். புதன்கிழமை எங்கள் வீட்டு இரும்பு கேட்டில் உரசி, அதன் இடது கண்ணாடியில் நீளமாக ஒரு விரிசல் விழுந்தது. கடை வண்டிதானே, கடையில் கண்ணாடிக்கா பஞ்சம் என்று திருப்பிக் கொடுக்கும்போது நான் அதைச் சொல்லவில்லை.

என் வண்டி கழுவித் துடைத்து நின்றது. ஆனால் டேங்கின் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். கிளட்சைப் பிடித்தால் வழுக்கியது. ஃபுட்ரெஸ்ட் மேல்நோக்கி வளைந்து, செயின் கவரைத் தொட்டுக்கொண்டு நின்றது. வண்டியை விடும்போது கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. நூற்றுச் சொச்சம் கூடியிருந்தது.

"ட்ரையல் பாத்தோம் சார்."

"எங்கே வரைக்கும் பார்த்தீங்க, சேலம் வரைக்குமா?"

குனிந்து பின் மட்கார்டைத் தடவினேன். சேற்றோடு இரண்டு கடுக்காய் கையில் வந்தது. கள்ளக்குறிச்சி ரோட்டில் எந்தத் தெருவில் கடுக்காய் காய்க்கிறது என்று கேட்டேன். மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"கரியாலூர் ஆளு ஒருத்தரு சார். அவரு வண்டி இன்ஜின் எறங்கிக் கெடக்குது. சாயங்காலம் ஆயிட்டா மலைக்கு பஸ்ஸு கம்மி. மறுநா கடுக்கா மூட்டைய கீழ எறக்கியாவணும்னு சொன்னாரு. உங்க வண்டிதான் கண்டிஷனா இருந்துச்சி."

"என் வண்டி கண்டிஷனா இருந்தது என் குத்தம்."

"அப்டி சொல்லல சார். கயித்த ஃபுட்ரெஸ்ட்ல கட்டிக்கினு வந்துருக்காரு, வளைவுல சாஞ்சிடுச்சி. ஆளுக்கு ஒண்ணும் ஆவல. உட்டுட்டுப் போங்க, நாளைக்கி சாயங்காலத்துக்குள்ள நேர் பண்ணி, கிளட்ச் பிளேட்டும் மாத்திக் குடுத்துடறேன். உங்க கையால ஒண்ணும் குடுக்க வேணாம்."

இந்த இடத்தில் நடைமுறை தெரியாத எந்த மனிதனும் சரி என்று சொல்லியிருப்பான். எனக்கு நடைமுறை தெரியும். சரிசெய்துவிட்டால் சேதம் எங்கே? சேதம் இல்லாவிட்டால் புகார் எங்கே? "முதல்ல நடந்ததை எழுத்தில் கொடுங்க. அதுக்கப்புறம்தான் வண்டியில கை வைக்கணும்" என்றேன். எழுத்து என்றதும் அவர் முகம், நான் அவருடைய பட்டாவைக் கேட்டது போல ஆகிவிட்டது.

வழுக்கும் கிளட்சோடு வண்டியை வீடு சேர்த்து, நாலு பக்கமும் படம் எடுத்து, தார்ப்பாய் போட்டு மூடினேன். கடுக்காய்களை ஒரு உறையில் போட்டு 'சான்றுப் பொருள் 1' என்று எழுதினேன். மறுநாள் வெள்ளி.

"ஏங்க, கெளம்பலாமா?" என்று மனைவி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "அப்ப எங்கக்கா தலைய அந்த நூத்தம்பத்தி நாலா வந்து வாரும்?"

வாடகைக் கார் பிடிக்கிறேன் என்றேன். "படுத்த படுக்கையா கெடக்கறவங்க வூட்டு வாசல்ல கார் வந்து நின்னா தெருவே மாலையோட வந்துடும். வேணாம்" என்றாள். அந்த வெள்ளி போனது. அவர்கள் வீட்டு மருமகள் போனை அக்காவின் காதில் வைத்தாளாம். இவள் இங்கிருந்து தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

பதினைந்து நாளில் எழுத்துமூலம் விளக்கம் தரும்படி அறிவிப்பு எழுதினேன். பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள் என்பதால் விரைவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றாம் நாள் மெக்கானிக் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"லெட்டர் வந்துச்சி சார். அதான் நேர்லயே வந்தேன்."

"நேர்ல வர்றது பதில் ஆகாது."

"ஆளே வந்து நிக்கிறேன், அது பதில் இல்லியா? காயிதம்தான் பதிலா?"

"காயிதம்தான் பதில்."

டீ குடித்துவிட்டுப் போனார். டீ கொடுத்தவள் என் மனைவி. அவர் இப்படி மூன்று முறை வந்தார், ஒவ்வொரு முறையும் ஸ்பேனரோடு. மூன்று முறையும் நான் தார்ப்பாயை அவிழ்க்க விடவில்லை. அவருக்கு எழுதத் தெரியாமல் இல்லை. தப்பு செய்தவன் நேரில் வந்து முகத்தைக் காட்டினால் விஷயம் முடிந்தது என்பது அவர் வளர்ந்த முறை. எழுதிக் கொடுப்பது என்பது போலீஸ் ஸ்டேஷனில் செய்வது.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். அங்கிருந்த எழுத்தர் மனுவை இரண்டு முறை படித்தார்.

"வண்டி இப்ப எங்க சார் கீது?"

"என் வீட்டில்."

"அப்ப காணாமப் போவல. ரிப்பேர் பண்ணித் தர மாட்டேன்றானா?"

"பண்ணித் தர்றேன்னுதான் சொல்றான்."

"நீங்க?"

"நான்தான் வேண்டாம்னு சொல்லியிருக்கேன்."

அவர் மனுவை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். "நம்ம சார் ரிட்டையர் ஆனவரு, ஒரு சேர் போடுப்பா" என்று யாரிடமோ சொன்னார். ஒரு மனுவுக்கு இதைவிட மரியாதையான தள்ளுபடியை என் பணிக்காலத்தில் நானே எழுதியதில்லை. மனு ஏற்புச் சான்று வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று மதியம் வரை உட்கார்ந்திருந்து, அதை வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

அதற்குள் நான்கு வெள்ளிகள் போயிருந்தன. அக்காவுக்குத் தலையில் சடை விழுந்துவிட்டது, கத்தரித்து விடலாமா என்று மருமகள் கேட்டதாக மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் தார்ப்பாயைப் பார்த்தாள். நான் நினைவூட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் முடிந்த வெள்ளியன்று, நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்ய நகல்கள் எடுக்கக் காலையிலேயே போயிருந்தேன். ஜெராக்ஸ் கடையில் மின்சாரம் இல்லை, காத்திருந்து திரும்ப மூன்று மணி ஆனது. வாசலில் தார்ப்பாய் நான்காக மடித்துக் கிடந்தது. வண்டி இல்லை. வீடு பூட்டியிருந்தது. முதலில் எனக்குத் தோன்றியது திருட்டு என்பதுதான்; இந்த முறை எழுத்தர் என் மனுவை மறுக்க முடியாதே என்ற சிறு திருப்திகூட வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஐந்து மணிக்கு வண்டி வந்தது. மெக்கானிக் ஓட்டினார். பின்னால் பக்கவாட்டில் என் மனைவி, நேரான ஃபுட்ரெஸ்டில் காலை ஊன்றி, மடியில் காலி எண்ணெய்க் கிண்ணத்தோடு. டேங்கில் பள்ளம் இல்லை.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்றேன்.

"நான்தான் போன் பண்ணேன்" என்றாள் அவள் இறங்கிக்கொண்டே. "கத்தரிக்க உடல. மூணு மணி நேரம் ஆச்சி சிக்கெடுக்க. கம்ப்ளைண்ட் குடுக்கறதுன்னா எம்மேல குடுங்க, ஆர்சி புக்குல எம்பேரும் இல்ல."

மெக்கானிக் சாவியை என்னிடம் தராமல் அவளிடம் தந்தார். "கிளட்ச் பிளேட்டு புதுசு சார்" என்றார் தரையைப் பார்த்து. "கொஞ்ச நாளைக்கி மெதுவா ஓட்டுங்க."

"பதில் இன்னும் வரலை" என்றேன்.

"குடுத்துடறேன் சார்."

அடுத்த வெள்ளியிலிருந்து நானே ஓட்டிப் போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். அது வாரும்போது மட்டும் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது முறை நாங்கள் அங்கே இருந்தபோது தபால்காரர் வந்துவிட்டு, எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் சீட்டு வைத்துப் போயிருந்தார். மறுநாள் அஞ்சலகம் போய்க் கையெழுத்திட்டு வாங்கினேன்.

முழுத்தாளில், விளிம்பு விட்டு, அச்சுப் போன்ற கையெழுத்தில் இருந்தது. வாடிக்கையாளரின் அனுமதியின்றி வண்டியை வேறொருவருக்கு ஓட்டக் கொடுத்தது தவறு என்று முதல் பத்தி ஒப்புக்கொண்டது. சேதம் சரிசெய்யப்பட்டது என்றது இரண்டாவது பத்தி. மூன்றாவது பத்தி இது:

"அந்நான்கு நாட்கள் தாங்கள் ஓட்டிய சிவப்பு வண்டி கடையுடையது அன்று. சர்வீஸுக்கு விடப்பட்ட, இன்னொரு வாடிக்கையாளருடைய வண்டி. அவர் பள்ளி ஆசிரியர். எனக்கு இப்படியெல்லாம் எழுத வராது என்பதால் இக்கடிதத்தை எழுதித் தருபவரும் அவரே. இடது கண்ணாடி உடைந்தது யாரால் என்று அவர் கேட்டார். ட்ரையல் பார்த்தபோது உடைந்தது என்று சொல்லி மாற்றிக் கொடுத்திருந்தேன். இப்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். தங்களிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்க அவர் விரும்பவில்லை."

கீழே மெக்கானிக்கின் கையெழுத்து, தேதி, கடை முத்திரை. எதிலும் குறை சொல்ல இடமில்லை. அந்த உதாரணத்தை எடுத்து மறுபடி படித்தேன். குதிரைக்காரர், வாங்கிப் போனவர், கவனமாக ஓட்டிய ஆள் என்று மூன்று பேர் அதில் இருக்கிறார்கள். இத்தனை நாள் நான் முதல் ஆளாக மட்டுமே என்னைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடுக்காய் உறையைக் கோப்பிலிருந்து எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். வயிற்றுக்கு நல்லது என்று வாங்கி வைத்துக்கொண்டாள். பிறகு கடிதத்தின் மேல் மூலையில், அலுவலகப் பழக்கப்படி, எழுதினேன்: பெறப்பட்டது, பிப்ரவரி ஏழு, சனிக்கிழமை.