ஜெரால்டு மேகத்தை அறுத்த நாள்

இனிகோவைப் போலப் பணிவான மருமகன் திரேஸ்புரத்திலேயே கிடையாது என்று பெண்ணைப் பெற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள். சேக்காளிகளோ பூம்பூம் மாடு என்பார்கள். இரண்டுமே உண்மைதான். ஞானசௌந்தரியைக் கட்டி அவள் வீட்டோடு வந்தவன். எஞ்சினும் சுக்கானும் அவன் கையில் இருந்தாலும், வள்ளம் மாமனார் ஜெரால்டுடையது. வாக்கும் அவருடையது. அந்த வாக்கை அவன் ஒரே ஒரு தடவைதான் தட்டியிருக்கிறான்.

போன ஐப்பசியில், இருவரும் கடலில் இருந்தபோது நடந்தது. காலையிலிருந்தே காற்றில்லாத புழுக்கம். வெயில் ஏற ஏற, கடலின் வெக்கையைக் குடித்துக் கறுத்த மேகமொன்று மலையாக வளர்ந்தது. அதன் அடியில் கரைக்காற்றும் கடற்காற்றும் எதிரெதிரே வந்து மோதிச் சுழலத் தொடங்கின. மேகம் அந்தச் சுழலை மேலே இழுக்க இழுக்க அது மெலிந்தது. மெலிய மெலிய வேகம் பிடித்தது. கடைசியில் வெளுத்த தும்பிக்கை ஒன்று கடல்வரை இறங்கி, தண்ணீரை வட்டமாகக் கிளப்பிற்று. மேகம் தண்ணி குடிக்கிறது என்பார்கள்.

ஜெரால்டு குடும்பத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. மூத்தவர் வள்ளத்தின் முன்பக்கம் ஏறி நின்று, மீன் வெட்டும் கத்தியால் காற்றில் சிலுவை கீறி அதை அறுக்க வேண்டும். செபம் முடியும்வரை எஞ்சின் சத்தம் கேட்கக் கூடாது. அவர் அப்பாவும் தாத்தாவும் அறுத்ததும் அது மறைந்தே போயிற்றாம். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தானாகவே அறுந்துபோகிற சாதி அது என்பதைக் கத்திக்கு யார் சொல்வது?

“எஞ்சின அமத்து மருமவனே” என்றார் ஜெரால்டு. அமர்த்தினான். வள்ளம் அசையாமல் நின்றது. அப்போதுதான் இனிகோ அதைக் கவனித்தான். தூரத்தில் நங்கூரமிட்டிருந்த நிலக்கரிக் கப்பலின் புகைபோக்கிக்கு நேரே தும்பிக்கை நின்றது. இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை, பருத்துக்கொண்டே இருந்தது. பக்கவாட்டில் நகராமல் பருக்கிறதென்றால் நம்மைப் பார்த்துத்தான் வருகிறது. மாமனார் செபத்தில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. எஞ்சினை எடுத்தால் வீட்டில் சோறு கிடைக்குமா தெரியாது; எடுக்காவிட்டால் சோறு தின்ன ஆளே இருக்காது.

பனிமய மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எடுத்தான். சுழல் வந்த வழிக்குக் குறுக்காகச் சுக்கானைத் திருப்பி விரட்டினான். ஜெரால்டு தடுமாறி உட்கார்ந்தார்; கத்தியை மட்டும் விடவில்லை. சற்றுமுன் அவர்கள் நின்ற இடத்தைச் சுழல் உறுமிக்கொண்டு கடந்தது. ஐஸ்பெட்டி மூடியும் மாமனார் தலைத்துண்டும் அதோடு போயின. சுழல் கரையேறியதும் ஏலக்கூடத்தின் தகரத்தை உரித்து, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை உடைமுள் மரத்தின் உச்சியில் உட்காரவைத்தது. பிறகு கடலின் வெக்கை கிடைக்காமல் தள்ளாடி ஓய்ந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

திரும்பும் வழியெல்லாம் ஜெரால்டு வாய் திறக்கவில்லை. கரையில் இறங்கியதும் திறந்தார், மூடவே இல்லை. தான் அறுத்த கதையை ஊர் முழுக்கச் சொன்னார். இனிகோ பக்கத்தில் நின்று தலையாட்டினான். பிறகு தனியாக இருக்கும்போது அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் அல்லவா?

மறுநாள் வள்ளத்தில் ஜெரால்டு கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “மருமவனே, இனிமே நான் கத்திய எடுத்தா, நீ கேக்காமலே எஞ்சின எடுத்துரு.”

இனிகோ வழக்கம்போலத் தலையாட்டினான்.