அது என் மகளின் குரல்

போன செவ்வாய்க்கிழமை மகளின் வகுப்பு டீச்சரிடமிருந்து போன். "நாளைக்குக் கொஞ்சம் ஸ்கூலுக்கு வர முடியுமா சார்?"

எதற்கு என்று கேட்கவில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஹரிணிக்குப் பதின்மூன்று வயது. ஒரு மாதமாக ஆளே சரியில்லை. காலையில் வயிற்று வலி... தட்டில் பாதிச் சோறு அப்படியே... கேட்டால் "ஒண்ணுமில்லப்பா." யாரோ என் பிள்ளையைப் படுத்துகிறார்கள். வேறென்ன?

மறுநாள் கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறியதிலிருந்து, கேட்கவேண்டியதை எல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

டீச்சரின் அறையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மகள் நிவேதா. நாவலப்பிட்டியிலிருந்து பிலிமத்தலாவைக்கு வீடு மாறி, இந்த வருஷம்தான் ஹரிணியின் வகுப்பில் சேர்ந்த பிள்ளை. கொஞ்சம் திக்கிப் பேசுவாள். ஹரிணி சுவரோரமாகத் தலைகுனிந்து நின்றாள்.

டீச்சர் தன் போனில் ஒரு வொய்ஸ் மெசேஜைப் போட்டார். போன மாதம் பிள்ளைகளின் வட்ஸ்அப் குரூப்பில் வந்ததாம். "பி... பி... பிலிமத்தலாவை" என்று ஒரு குரல் வேண்டுமென்றே திக்கியது. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

அது என் மகளின் குரல். என் மனைவியின் போனிலிருந்து போயிருக்கிறது.

அடுக்கி வைத்த கேள்விகளை எங்கே கொண்டுபோய் வைப்பது? "மன்னிச்சுக்கங்க" என்றேன். அது மட்டும்தான் வந்தது.

"ரெண்டு பேரையும் வேற வேற வகுப்புக்கு மாத்தலாம்னு இருக்கேன்" என்றார் டீச்சர்.

"வே... வேணாம் மிஸ்" – நிவேதாதான் சொன்னாள். "அவ என் ஃப்ரெண்ட்."

அவளுடைய அம்மா என்னைப் பார்த்தார். "இத நான் என்னன்னு சொல்றது சார்? போன வாரம் அந்த மெசேஜைக் கேட்டுட்டு ரெண்டு நாள் சாப்பிடல. இப்ப இப்படிச் சொல்லுது."

நிவேதா மெதுவாக விளக்கினாள். பாடம் வாசிக்கும்போது ஒரு சொல்லில் அவள் மாட்டிக்கொண்டால், ஹரிணி பக்கத்திலிருந்து அதே சொல்லைக் கூடவே முணுமுணுப்பாளாம். இரண்டு பேராகச் சொன்னால் திக்காதாம். வகுப்பில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லையாம்.

உதவியவளும் கேலி செய்தவளும் ஒரே ஆள். எந்த ஹரிணியை நான் கண்டிப்பது?

வகுப்பை மாற்றவில்லை. "பார்ப்போம்" என்றார் டீச்சர், அரைமனதாக.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏம்மா அப்படிச் செஞ்ச?"

"செஞ்சு காட்டுன்னாங்க. இல்லாட்டி குரூப்ல இருந்து தூக்கிருவோம்னாங்க."

"அப்ப பயந்துதான் செஞ்சியா?"

"முதல்ல பயம். எல்லாரும் சிரிச்சதும் சந்தோஷமாத்தான் இருந்திச்சு. அடுத்த நாள், அத இன்னும் கேக்காத அவ, சாப்பாட்டப் பங்கு வச்சுக் குடுத்தா. அன்னிக்கில இருந்துதான் வயிறு வலி."

வீட்டுக்கு வந்ததும் தானாகவே அம்மாவின் போனை எடுத்தாள். அதே குரூப்பில், "நான் செஞ்சது பிழை. நிவேதா, ஸொறி" என்று பேசி அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் அவளைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். "நல்லதாப் போச்சு, விடுங்க" என்றார் மனைவி. எனக்கு அப்படியும் சொல்ல முடியவில்லை. சரியானதைச் செய்த அன்றைக்கே பிள்ளை தனியாகிப் போனால், அடுத்த முறை எந்த வாயால் "உண்மையாக நட" என்பேன்?

சனிக்கிழமை நிவேதா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் அம்மாதான் கூட்டிவந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் கணக்குப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஹரிணி தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து நிவேதாவிடம் கேட்டேன்.

"ஹரிணிய மன்னிச்சிட்டியாம்மா?"

"இ... இல்ல அங்கிள். இன்னும் கோ... கோவமாத்தான் இருக்கேன்." பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னாள். "அதுக்காக ஃப்ரெண்ட் இல்லன்னு ஆகிருமா?"

நாங்களெல்லாம் கோபம் வந்தால் சொந்த அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கே போகாத ஆட்கள்.