உண்மையான வசனமோ?

பரமேஸ்வரி ரீச்சரின் தங்கை இணுவிலிலிருந்து அழைத்தபோது நான் வகுப்பில் நின்றேன். "அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார். கனடாவிலிருந்து மகன் கஜன் வந்து இறங்க, ரிக்கெற்றின்படி இன்னும் பதினாறு நாள் இருந்தது. அந்தப் பதினாறு நாளுக்கும் நானே பொறுப்பு. அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

இணுவிலுக்குக் கிட்டவுள்ள திருநெல்வேலி ரியூட்டரி ஒன்றில், வெளிநாடு போகிறவர்களுக்கு நாங்கள் இருவரும் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தோம். காலத்தோடு வரும் சின்னச் சொற்களை ரீச்சர் எவருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். 'சின்ஸ்' தொடங்கிய நாளைக் காட்டும், 'ஃபோர்' நீளத்தைச் சொல்லும், 'வித்தின்', அதாவது 'இதற்குள்', கெடுவைத் தாண்டவிடாது என்பார். பாடப்புத்தகத்தில் வரும், லண்டனில் பூனை வளர்க்கும் சீமாட்டியின் உதாரணங்களை வெட்டிவிட்டு, அவரவர் வாழ்க்கையை எழுதச் சொல்வார். திருத்த முன்னர் அவர் கேட்பது, அவரிடம் படித்த உங்களுக்கு நினைவிருக்கும்: "உது உண்மையான வசனமோ?"

ஒருமுறை முல்லைத்தீவுப் பெண்ணொருத்தி, போரின் கடைசி மாதத்திலிருந்து கணவர் வீடு வரவில்லை என்று 'சின்ஸ்' போட்டு எழுதினாள். வேறு உதாரணம் எழுதும்படி நான் சொன்னேன். ரீச்சர் என்னை வெளியே அழைத்துப்போனார். "உமக்குத் தாங்கேலாதெண்டு அவளின்ரை வசனத்தை மாத்தாதையும்." எனக்கு முகம் கறுத்துப்போனது.

இந்த மாசியில் ரீச்சரின் புற்றுநோய் ஈரலுக்குப் பரவியது. கூடப் போயிருந்த என்னை வைத்தியர் தனியே கூப்பிட்டு, மூன்று கிழமைக்குள் முடிந்துவிடும் என்று 'வித்தின்' போட்டு ஆங்கிலத்தில் சொன்னார். 'வித்தின்' என்றால் நாளைக்கே நடந்தாலும் நடக்கலாம் என்று நூறு தடவை கரும்பலகையில் கோடு கீறிக் காட்டியவள் நான். அன்று பின்னேரம் கஜன் அழைத்து, பங்குனிக் கடைசியில்தான் லீவு, அதுவரை பயமில்லையா என்று கேட்டான். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. மூன்று நாலு மாதம் இருக்கிறது, அவசரப்படாதே என்றேன். அவன் அதை நம்பி ரிக்கெற் போட்டான்.

ரீச்சரிடமும் அதையே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மையான வசனமோ?"

"ஓம்" என்றேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு மகன் எப்போது வருவான் என்று ஒருநாளும் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் போய்விட்டார்.

உடலை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அதற்குள் கஜன் வந்தான். வைத்தியர் சொன்னதைக் கேட்டான்; இம்முறை உள்ளபடியே சொன்னேன். அவன் கத்தவில்லை. "ரிக்கெற் மாத்த அரை மணித்தியாலம்தான் எடுத்தது, அன்ரி" என்றான்.

ரீச்சரின் சிவப்புப் பேனையைத் தங்கை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவருடைய கேள்வி என்னிடம் இருக்கிறது. அதற்கு நான் சொன்ன 'ஓம்' என்பதும் இருக்கிறது.