குஞ்சோடு நின்ற விரால்

ஒரு வாரமாகக் கஞ்சியைக்கூட வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மீரா பீவி, அன்று காலையில் தானாக வாய்திறந்து ஒன்றைக் கேட்டாள்.

"விரால் ஆணம் வச்சா ரெண்டு வாய் திம்பேன்னு நெனைக்கேன். கொளத்து விரால். நீங்க பிடிப்பியளே, அது."

ஹபீப் முகம்மதுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யார் வாயிலிருந்து என்ன வார்த்தை! கல்யாணமான நாள் தொட்டு அவருடைய தூண்டிலைச் சக்களத்தி என்று வைதுகொண்டிருந்தவள் அவள். ஊரெல்லாம் வெளிநாட்டிலிருந்து கம்பளியும் சென்ட்டும் கொண்டுவர, இந்த மனுஷன் சவூதியில் தம்மாமில் லாரி ஓட்டிச் சம்பாதித்து ஒரு நீளத் தூண்டிலும் ஒரு டப்பா ரப்பர் தவளையும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். ரப்பர் தவளையைக் கண்டுதான் விரால் ஏமாறுமாம்! அப்புறம் தறிப்பட்டறைக்குப் போன நேரம் போக மிச்சமெல்லாம் குளத்தங்கரைதான். "அந்தக் கொளத்தையே கட்டிக்கிட்டு அங்கனயே கெடங்க" என்று தூண்டிலைத் தூக்கி ஓட்டின் மேல் எறிந்தும் பார்த்துவிட்டாள். சங்கரன்கோவிலில் தூண்டில் பாய் வீடு எது என்று கேட்டால் எவரும் கைகாட்டுவார்கள். அந்தப் பெயரும் அவள் வைத்ததுதான்.

அப்பேர்ப்பட்டவள் இப்போது கட்டிலோடு ஒட்டிக் கிடந்தாள். வயிற்றில் கட்டி. நெல்லைக்குக் கூட்டிப்போய் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போன தடவை டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "உடம்புல தெம்பே இல்ல. இப்படியே இருந்தா அடுத்த மருந்து ஏத்த முடியாது. எதையாவது சாப்பிட வைங்க, பாய். எதுனாலும் சரி" என்று சொல்லியிருந்தார். மருந்து ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்று ஹபீப் முகம்மது கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை. கடையநல்லூரில் கட்டிக்கொடுத்த மகள் அப்ரா வந்திருந்து இடியாப்பம், பாயா, ஜூஸ் என்று மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாள். எல்லாம் வாசனைக்கே குமட்டியது.

முதலில் அவர் கடைக்குத்தான் ஓடினார். கிடைத்தது தொட்டியில் தீவனம் போட்டு வளர்த்த விரால். அப்ரா பதமாகத்தான் புளி கரைத்து ஆணம் வைத்தாள். மீரா பீவி ஒரு துண்டை வாயில் வைத்து அப்படியே எடுத்துத் தட்டில் போட்டாள்.

"தீவன வாடை அடிக்கி, மக்கா" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம்தான் குளம். கார்த்திகை மழையில் குளம் மறுகால் பாய்ந்து கிடந்தது. தண்ணீர் குறைந்த மாசியில் என்றால் விரால் எந்தப் பள்ளத்தில் படுத்திருக்கும் என்று தூக்கத்தில்கூடச் சொல்லுவார். நிறைகுளத்தில் எங்கே என்று தேட? காட்டாமணக்குப் புதரோரம், ஆம்பல் இலை இடுக்கு, கோரைக்குள் என்று ரப்பர் தவளையை வீசி வீசி இழுத்தார். காலையிலும் இழுத்தார், அந்தியிலும் இழுத்தார். தூறலில் நனைந்து தும்மிக்கொண்டே இழுத்தார். வாழ்நாளெல்லாம் விளையாட்டாய் வந்து மாட்டிய சனியன் பிடித்த மீன், வேண்டும் என்றபோது எங்கே போய்த் தொலைந்ததோ! வீட்டுக்கு வெறுங்கையோடு போகும்போதெல்லாம் மீரா பீவி கண்ணை மட்டும் திறந்து அவர் கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வாள். அதற்கு அவள் பழையபடி நாலு வசவு வைதிருக்கலாம்.

"யா அல்லா, ஒண்ணே ஒண்ணு. இதுக்கப்புறம் நான் தூண்டிலையே தொட மாட்டேன்" என்று கரையில் நின்று வாய்விட்டு அழுதார்.

அதைக் கேட்டுக்கொண்டு நின்றவன் சுடலைராஜ், குத்தகைக் குளத்துக் காவல்காரன். குளத்தில் விட்டிருக்கிற கட்லாவையும் ரோகுவையும் தொடாமல் இருந்தால் சரி என்று பாயை விட்டுவைத்திருந்தான்.

"பாய், மடைப் பக்கம் ஒரு சோடி நிக்கி" என்றான். சொல்லிவிட்டு வேறெங்கோ பார்த்தான். "குஞ்சோட நிக்கி."

ஹபீப் முகம்மதுவின் முகம் கறுத்தது. குஞ்சோடு நிற்கும் விராலைத் தொடக்கூடாது என்று அந்தக் குளத்தில் சட்டம் பேசியவரே அவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒன்றைப் பிடித்ததற்காக இதே சுடலைராஜை அடிக்கக் கை ஓங்கியிருக்கிறார். "நீயெல்லாம் பிள்ளை பெத்தவனாலே?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் டீ குடிக்கப் போறேன். நான் ஒண்ணும் பாக்கல" என்று சொல்லிச் சுடலைராஜ் சைக்கிளை எடுத்தான்.

மடையருகே தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் உலை கொதிப்பது போலச் சலசலத்தது. சிவப்புச் சிவப்பாய்க் குஞ்சுகள். அடியில் இரண்டு கறுத்த உருவங்கள். இந்த நேரத்தில் விரால் பசிக்குக் கடிக்காது. குஞ்சுப் பக்கம் எது வந்தாலும் ஆங்காரத்தில் பாய்ந்து கடிக்கும். அதைப் பிடிக்கத் திறமை எதுவும் வேண்டாம், மனசு மட்டும் கல்லாக வேண்டும். அவர் ரப்பர் தவளையைக் குஞ்சுகளுக்கு நடுவே போட்டார். போட்ட மாத்திரத்தில் தண்ணீர் வெடித்தது. தாயோ தகப்பனோ, முழங்கை நீளத்துக்கு ஒன்று துள்ளிக்கொண்டு கரைக்கு வந்தது. அவர் அதன் கண்ணைப் பார்க்காமல் சாக்கில் போட்டுக் கட்டினார்.

அன்று மத்தியானம் மீரா பீவி சாப்பிட்டாள். இரண்டு வாய் என்றவள் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள். "புளி தூக்கலா இருக்கு" என்று மகளிடம் குறை வேறு சொன்னாள். அதைக் கேட்டு அடுப்படியில் நின்ற அப்ரா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஹபீப் முகம்மதுவும் அழுதார், ஆனால் அவருக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மடைக்குப் போனார். மீன் பிடிக்க அல்ல. வண்டியில் எப்போதும் கட்டிக்கிடக்கும் தூண்டிலை அவிழ்க்கவே இல்லை. குஞ்சுக் கூட்டம் பாதியாகியிருந்தது. மிஞ்சிய ஒற்றை விரால் இந்தப் பக்கம் நீர்க்காகத்தை விரட்டினால், அந்தப் பக்கம் கொக்கு குனிந்து கொத்தியது. பாய்க்குப் பொறுக்கவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் துண்டைச் சுழற்றி, "ச்சூ, ச்சூ, போ கழுத" என்று பறவைகளை விரட்ட ஆரம்பித்தார்.

"என்ன பாய் இது, காவலுக்கு ஆளா வந்தாச்சா?" என்று கரையிலிருந்து சுடலைராஜ் கேட்டான். கேலியாகத்தான் தொடங்கினான், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"பெருசாகுத மட்டும் நிக்கேம்ல. நான்தானே ஒண்ணைக் கொண்டுபோனேன்."

சட்டைப்பையில் போன் அடித்தது. அப்ரா.

"வாப்பா, உம்மா எந்திரிச்சு உக்காந்துட்டாவ! பசிக்குங்காவ வாப்பா, அவியளாவே சொல்லுதாவ. டீயும் பன்னும் குடுத்தேன், வேண்டாம்னுட்டாவ. நேத்து மீனு மிச்சம் இருக்கான்னு கேக்காவ. இன்னொண்ணு கிடைக்குமா வாப்பா?"

பின்னால் மீரா பீவியின் குரல், மெலிந்துதான் இருந்தது, ஆனாலும் பழைய அதட்டல்: "கொளத்துலதானே கெடக்காரு அந்த மனுசன். வரும்போது பிடிச்சுக்கிட்டு வரச் சொல்லுட்டி."

கையெட்டும் தூரத்தில் அந்த ஒற்றை விரால் மூச்சு வாங்க மேலே வந்தது. அவர் இவ்வளவு கிட்டத்தில் நின்றும் அது ஓடவில்லை. குஞ்சுகளை விட்டு எங்கே ஓடும்?

"வாப்பா, கேக்கா?"

"கேக்கு மக்கா. உம்மாகிட்ட கொண்டாரேன்னு சொல்லு."

தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறினார். வண்டியில் இருந்த தூண்டில் கட்டை அவிழ்த்தார்.

"சுடலை, டீ குடிக்கப் போலே" என்றார்.

சுடலைராஜ் சைக்கிளைத் திருப்பினான். ஹபீப் முகம்மது கண்ணைத் துடைத்துக்கொண்டு தூண்டில் நரம்பில் ரப்பர் தவளையை முடிந்தார்.