312 எந்த நாள்?

எழுபதுகளின் நடுவில், ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஒரு மழைக்காலம் வேலை பார்த்தேன். உச்சியில் இருந்த உரக் கொட்டகைக்கு ஒரு காவலாளி. தனியாக அங்கேயே தங்குவார். அவர் தினமும் காவலுக்கு இருந்தார் என்பதற்குச் சாட்சியாகச் சுவரில் ஒரு கடிகாரப் பெட்டி அடித்திருந்தார்கள். மாலை ஆறுக்கு மேல்தான் அதன் கைப்பிடி இறங்கும். அழுத்தினால் உள்ளே காகிதச் சுருளில் ஓர் எண் விழும். தேதி, மாதம் எதுவும் இருக்காது. பெட்டி ஓடத் தொடங்கி எத்தனை நாள் என்பது மட்டும்தான். ஆபீஸ் ரைட்டர் அதைத் தேதியாக மாற்றிக்கொள்வார்.

மழையில் பாதை அறுந்து ஒரு வாரம் யாரும் மேலே போகவில்லை. மழை விட்ட ஒரு காலையில் நாலு பேர் ஏறினோம். காவலாளி விறைத்துக் கிடந்தார், எறும்பு மொய்த்திருந்தது. கீழே கொண்டுவந்து மத்தியானமே புதைத்தோம். கொட்டகையைப் பூட்டிய சாவி என் இடுப்பிலேயே இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி, நாங்கள் தங்கியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தாள்.

"தம்பி, அவுக எந்த நாள் போனாகன்னு பாத்துச் சொல்லு. திதி தப்பினா வைக்கிற சோறு சேராது."

ரைட்டர் ஊருக்குப் போயிருந்தார். நான் ஏறிப்போய்ச் சுருளைக் கழற்றி வந்தேன். கடைசி எண் 312. பெட்டியை மாட்டியது ஆவணி ஒன்று என்று எல்லோருக்கும் தெரியும். பஞ்சாங்கத்தை விரித்து எண்ணினேன்.

"எட்டாங்கிளாஸ் தோத்த பய சோசியம் பாக்கான்டோய்!" என்றான் பக்கத்து அறைக்காரன்.

நாங்கள் ஏறியதற்கு முந்தின நாள் வந்தது. சரிதான், மாலையில் அழுத்திவிட்டு இரவில் போயிருக்கிறார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சுருட்டி வைக்கும்போதுதான் முதல் எண்ணைப் பார்த்தேன். ஆவணி ஒன்றுக்குச் சைபர். பதினாறாம் நாள் காரியத்துக்குச் செத்த நாளையே ஒன்றாக வைத்து எண்ணுவோமே, அப்படித்தான் எண்ணியிருந்தேன். பெட்டிக்கு அந்த வழக்கம் இல்லை. ஒரு நாள் தள்ள வேண்டும்.

தள்ளினேன். நாங்கள் அவரைப் புதைத்த நாளின் மாலை.

பக்கத்து அறைக்காரன் சிரிக்கவில்லை. நான் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். சாவி இருந்தது.

"அக்கா, அன்னைக்கு மத்தியானமே..."

"தெரியும்" என்றாள். எண்ணின்மேல் விரலை வைத்தாள். "அன்னைக்கு வேலையை முடிச்சிட்டுத்தான் போயிருக்காக. அந்தத் திதியவே எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். மறுநாள் எஸ்டேட் துரை என்னைக் கூப்பிட்டு, மேல் கொட்டகைக் காவலுக்குப் போகிறாயா என்றார். சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு, நல்லேப்பிள்ளி வயல்களில் நடவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன்.