அக்காவைத் தேனீ கொல்லவில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அக்கா தேனீ கொட்டி இறக்கவில்லை. மாரடைப்பால் இறந்தார். மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. ஓராண்டாக உறவுக்குள் சுற்றிவரும் பேச்சுக்கு அவருடைய தங்கை எழுதும் பதில் இது.

அக்கா சிகந்தராபாத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, பத்தொன்பது வயதில் குஷாய்குடா பக்கத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து என்னைப் படிக்கவைத்தார். திருமணம் வேண்டாம் என்றார். ஊர் வாயை மூட முடியுமா? பேசியது. ஓய்வு பெற்றதும் கொல்லையில் தேன்பெட்டி வைத்தார். அதையும் பேசியது.

முதல் பெட்டியில் அவர் செய்த தவறு எங்கள் வீட்டில்தான் நடக்கும். மீட்டர் பெட்டிக்குள் குடியேறியிருந்த தேனீக் கூட்டத்தை அலுங்காமல் தேன்பெட்டிக்கு மாற்றினார். வெள்ளிக்கிழமை வந்தது. வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவது எங்கள் வழக்கம். புதுப்பெட்டிக்கும் குங்குமம் வைத்து, அதன் வாசலில் தூபக்காலை நீட்டினார். மறுநாள் காலை பெட்டி காலி.

"மரியாதை பண்றேன்னு விரட்டிட்டேன்டி" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து சாம்பிராணி சமையலறைக் கதவைத் தாண்டவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் புகை போடவில்லை, சர்க்கரைப் பாகு வைக்கவில்லை, தினம் திறந்து பார்க்கவுமில்லை. உள்ளே வெறும் மரச்சட்டங்கள். அடையை அவையே கட்டிக்கொண்டன. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டி, "மேடம், யே சப் நக்கோ" என்றார். "மேரெகு நக்கோ போலோ பாய், உன்கு போலோ" என்றார் அக்கா. இதெல்லாம் வேண்டாம் என்று என்னிடம் சொல்லாதே, தேனீக்களிடம் சொல் என்று.

கடைசி நாள் காலையும் பெட்டியருகேதான் உட்கார்ந்திருந்தார். நெஞ்சு அடைக்கிறது என்றார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மணிக்கட்டில் இரண்டு நாள் முன்பு கொட்டிய தடிப்பு இருந்தது. அதைப் பார்த்துக் கதை கட்டினார்கள். பத்தாம் நாளுக்குள், அக்காவுக்கு இளையவர், இப்போது வீட்டுக்கு மூத்தவரான அண்ணா மருந்தடிக்க ஆளை வரவழைத்துவிட்டார். நான் பின்கதவை மறித்து நின்றேன்.

"உனக்கும் அவ பைத்தியம் ஒட்டிக்கிச்சா?" என்றார் அண்ணா.

"ஆமாண்ணா. பெட்டி மேல மருந்து பட்டா, இந்த வீட்டுக் காரியம் எதுக்கும் நான் வர மாட்டேன்."

ஆள் திரும்பிப் போனார். அண்ணா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. ஆனாலும் பெட்டியை நகர்த்தவில்லை.

அன்று அக்காவை ஏற்றிக்கொண்டு போக யோசிக்காமல் காரை எடுத்த அதே பக்கத்து வீட்டுக்காரருக்கும், பதின்மூன்று நாளும் சமைத்துக் கொண்டுவந்த அக்காவின் தொழிற்சாலைத் தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வாயை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கும் நன்றி.

தலைத் திவசத்தில் பிண்டத்தோடு சேர்க்கத் தேன் வேண்டும். சென்ற வாரம் அண்ணாவே போன் செய்தார்.

"தேன் எந்தக் கடையில வாங்கறது?"

"கடைக்குப் போகாதீங்கண்ணா."

அண்ணா சொன்னார்: "ஒரு கரண்டி போதும். மிச்சத்தை அதுங்களுக்கே விடு. மழைக்கு வேணும்னு அவ சொல்லுவா."

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது, அந்தத் தேனை அண்ணா தன் கையால் பிசைந்து வைத்திருப்பார். பெட்டி கொல்லையில்தான் இருக்கிறது. திவசத்துக்குச் சாப்பிட வருகிறவர்கள் அதன் முன்னால் நிற்காதீர்கள். அவை போய்வரும் வழி அது.