விவசாய டைரக்டர்

அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஓர் அட்டை இருக்கும். அதில் ஆளின் பெயர் இருக்காது. துறையின் பெயர்தான் இருக்கும். என் முன்னால் ‘சிறுதொழில்’. பக்கத்தில் ‘விவசாயம்’ என்ற அட்டைக்குப் பின்னால் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். எழுபதுகளில், நாட்டின் மத்திய வங்கி தன் மண்டல வாரியத்துக்குத் துறைக்கு ஒருவராக ஆள் எடுத்தபோது, காக்களூரில் லேத் பட்டறை வைத்திருந்த என்னையும் பக்கத்துக் கிராமத்தில் நெல் பயிரிட்ட அவரையும் டைரக்டர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

“டைரக்டர்னு சொன்னா, இன்னா படம் எடுக்குறேன்னு கேக்குறானுங்க நைனா!” என்று முதல் நாளே ரயிலில் சிரித்தார். மாதாமாதம் திருவள்ளூரிலிருந்து ஒன்றாகத்தான் போவோம். கூட்டத்துக்கான ஆங்கிலக் காகிதங்களை நான் வாசித்துப் பொருள் சொல்வேன். அவர் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கவனிக்கவில்லை என்று நினைத்தால், திருநின்றவூர் தாண்டியதும், முதல் பக்கத்தில் சொன்னதற்கும் ஐந்தாம் பக்கத்துக்கும் ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்பார்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. வங்கிகளில் கடன் கொடுப்பது இறுகியது. வயலுக்கு முதலிடமா, பட்டறைக்கா என்று வாரியம் பரிந்துரைக்க வேண்டும். இரும்பு வாங்க வழியில்லாமல் என் பட்டறையில் இரண்டு லேத் நின்றுபோயிருந்தன. அன்று ரயிலில் நான் எதையும் வாசிக்கவில்லை. தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். கூட்டத்தில், எழுதிவைத்திருந்ததை ஆங்கிலத்தில் படித்தேன். மழை வரும்வரை வயல் காத்திருக்கலாம், பட்டறை காத்திருக்க முடியாது என்றேன். அதிகாரி ஒருவர் குனிந்து அவருக்குத் தமிழில் சொன்னார். நான் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவர் மெதுவாக எழுந்தார். “அவரு சொல்றது நெஜந்தான். பட்டறைய மூடிட்டா, என் பம்புசெட்டு ஒடஞ்சா யாராண்ட தூக்கினு போவேன்? ஆனா, மழை வந்தப்புறம் வெதைக்கு அலைஞ்சா பயிர் ஏது? எங்க ரெண்டு பேரையும் மோதவுட்டு முடிவு பண்ணாதீங்க. ரெண்டுக்கும் சேத்து எழுதுங்க.”

அப்படியே எழுதினார்கள். மேலிடமும் பெரும்பகுதியை ஏற்றது.

திரும்பும் ரயிலில், “அண்ணா, காலையில நான் தூங்கல” என்றேன்.

“தெரியும் நைனா. தூங்குறவன் காகிதத்த அவ்ளோ கெட்டியா புடிச்சிக்கினு இருக்க மாட்டான்” என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அவர் பதவிக்காலம் முடிந்ததும், விவசாயத்தின் நாற்காலியில் ஒரு சர்க்கரை ஆலை முதலாளியை உட்காரவைத்தார்கள். விதைப்புக் கடன் பற்றிய பேச்சு வந்தபோது அந்த முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். “உங்கள் துறை சிறுதொழில் அல்லவா?” என்றார் தலைவர். ஆமாம் என்று சொல்லிவிட்டு, வயலுக்காகத் தமிழில் கால் மணி நேரம் பேசினேன். என் பதவியையும் அவர்கள் நீட்டிக்கவில்லை.

இன்றும் செய்தித்தாளில் வாரியப் பட்டியல் வந்தால், இதில் யார் சேற்றில் இறங்கியவர் என்றுதான் தேடுகிறேன். அன்று என் பதவி போனதைச் சொல்ல அவர் ஊருக்குப் போனபோது நடவு நடந்துகொண்டிருந்தது. முழங்கால் சேற்றோடு வரப்பேறி வந்து, எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

“அப்போ வர்ற மாசம் ரெண்டு பேரும் ரயிலேறி எங்க போறோம் நைனா?” என்றார்.